சாப்டாச்சா என்று கேட்ட ஸ்கில்

எங்கள் ஆபீஸில் எனக்கு மாமியார் என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் கூப்பிடுவதில்லை. நான் போனால் "வந்துட்டாங்கடா" என்று ஒரு குரல் மட்டும் வரும். யார் எதைச் செய்துகொண்டு வந்தாலும் அதில் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. வீட்டில் உட்கார்ந்து அதைச் செய்தால் சண்டை, அம்பத்தூர் எஸ்டேட்டில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து செய்தால் உத்தியோகம்.

வேலை என்னவென்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பேசினால் பதில் பேசும் ஏஐ உதவியாளர் இப்போது எல்லோர் போனிலும் இருக்கிறது. அதற்குப் பொதுவாக எல்லாம் தெரியும், நம் வீட்டு விஷயம் எதுவும் தெரியாது. புதிதாக ஒரு வேலைக்கு அதைப் பழக்க வேண்டுமென்றால், எப்போது செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று எழுதித் தனியாக ஒட்டிவிடுவார்கள். அதற்கு ஸ்கில் என்று பேர். அது ஊர் ஜனங்கள் கைக்குப் போவதற்கு முன்னால் என்னிடம் வரும். நான் பலபேர் மாதிரி வேஷம் கட்டி அதனிடம் பேசிப் பார்ப்பேன். அவசரக்காரியாகப் பேசுவேன், காது கேட்காதவளாகப் பேசுவேன், சும்மா வம்புக்கும் பேசுவேன்.

தண்ணீர் லாரிக்குச் சொல்லிவிடும் ஸ்கில் ஒன்று வந்தது. "பக்கத்து பிளாட்ல தண்ணி வருதாம்" என்று நான் ஊர்க்கதை பேசினால், உடனே ஒரு லாரிக்கு ஏற்பாடு செய்துவிட்டு நன்றியும் சொன்னது. கூப்பிடாத கல்யாணத்துக்குப் போய் முதல் பந்தியில் உட்காருகிற ரகம். இன்னொரு ரகமும் உண்டு, வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாலும் எட்டிப் பார்க்காது. இரண்டையும் திருப்பி அனுப்புவேன். திருப்பி அனுப்பியதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

இந்த லட்சணத்தில் இருக்கிற நான், ஒரு ஸ்கில்லை மட்டும் பார்த்ததும் மயங்கிப்போனேன். சர்க்கரை நோய்க்காரர்களுக்கு மாத்திரையை ஞாபகப்படுத்தும் ஸ்கில் அது. மயங்கியதற்குக் காரணம் என் வீட்டில் இருந்தது.

என் வீட்டுக்காரர் ஷேர் வேன் ஓட்டுகிறார், திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே. அந்தப் பக்கத்து நூம்பல் ஊர்க்காரர். அவர் அப்பா காலத்தில் வயலாக இருந்த இடத்தில் இப்போது மூன்று அபார்ட்மென்ட் நிற்கிறது. நிலம் போனபோது வந்த பணத்தில் அண்ணன் தம்பிகள் வீடு கட்டினார்கள், இவர் வேன் வாங்கினார். திருச்சியிலிருந்து வேலைக்கு வந்த புதிதில் நான் அந்த வேனில் முன் ஸீட்டில் போவேன். சில்லறை பாக்கி தரவே மாட்டார், "நாளிக்கு வருவல்ல" என்பார். கடைசியில் அந்தச் சில்லறை தாலியாக வந்தது.

அவருக்குச் சர்க்கரை. டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஒரேயடியாகக் கீழே போய்விடும். ஒருமுறை அப்படிப் போயும் இருக்கிறது. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டார். வண்டி நின்றுகொண்டிருந்தது, ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். டீக்கடைக்காரர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுப்பியிருக்கிறார். வண்டி ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நான் யோசிப்பதுண்டு. அதற்கப்புறம் அவர் பயந்துபோய் மாத்திரையையே விட்டுவிட்டார். சர்க்கரை மேலே ஏறியது. நான் கத்தினால் போடுவார், கத்தாவிட்டால் மறப்பார். பகல் முழுவதும் நான் அம்பத்தூரில் இருந்துகொண்டு எப்படிக் கத்துவது?

இந்த நேரத்தில்தான் அந்த ஸ்கில் வந்தது. எழுதியவர் கோயம்புத்தூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர், கம்ப்யூட்டரிடம்கூட மரியாதையாகப் பேசுவார் போலிருக்கிறது. முதலில் அந்த ஸ்கில் "தாங்கள் உணவு உட்கொண்டுவிட்டீர்களா?" என்று கேட்டது. ரேஷன் கடை அறிவிப்பு மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் சிரித்தோம். அவர் உட்கார்ந்து மாற்றினார். அடுத்த நாள் அது, பக்கத்து வீட்டு அக்கா படியேறி வந்து கேட்பது போல, "சாப்டாச்சா?" என்றது.

ஆபீஸே சொக்கிப்போனது. ஆச்சு என்று சொன்னால், "அப்ப மாத்திரையைப் போட்டுக்குங்க" என்று சொல்லும். இல்லை என்றால், "முதல்ல சாப்பிடுங்க, அப்புறம் வரேன்" என்று சொல்லிவிட்டு, சொன்ன மாதிரியே அப்புறம் வரும். மாத்திரையை எப்போது போட வேண்டும், எப்போது போடக் கூடாது என்பதையெல்லாம் ஒரு டாக்டர் பார்த்துச் சரி என்றிருந்தார். நானும் எல்லா வேஷமும் கட்டிப் பார்த்தேன். எனக்கே ஒரு குறையும் கிடைக்கவில்லை. "மாமியாரே மெச்சிட்டாங்க" என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது.

வெளியே விடுவதற்கு முன் குழுவில் இருப்பவர்கள் அவரவர் வீட்டு ஆள் ஒருவர் போனில் போட்டுச் சில நாள் ஓட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். அவர்கள் சம்மதித்தால், அவர்கள் பேசுவது எழுத்தாக எங்கள் திரையில் வந்து விழும். என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"இன்னாது, நான் பேசுறத நீ அங்க குந்திகினு படிப்பியா?"

"ஆமா. மாத்திரை விஷயம் மட்டும்தான்."

"ஊட்லதான் வேவு பாக்குறன்னா வண்டிலயுமா?" என்றார். ஆனால் போட்டுக்கொண்டார்.

அந்தச் சில நாட்கள் நான் இருந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. பகலில் திரையில் ஒரு வரி வரும், "ஆச்சு ஆச்சு". அடுத்த வரி, "போட்டாச்சுபா". பின்னணியில் "பூந்தமல்லி பூந்தமல்லி" என்று அவர் ஆள் கூப்பிடுவதும் எழுத்தாக விழும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் நேரத்துக்குச் சாப்பிட்டு நான் கண்டதில்லை. ஒரு மிஷின் கேட்டால் சாப்பிடுகிறாரே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

ஒன்றே ஒன்று மட்டும் உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை வேனைக் கழுவும்போது ஸீட்டுக்கு அடியில் கடலை மிட்டாய்க் காகிதம் ஒரு கொத்து கிடந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு மிட்டாய் தின்கிறீர்களா என்று பிடிபிடி என்று பிடித்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஸ்கில் வெளியே போக வேண்டும் என்று முடிவாகியிருந்தது. திங்கட்கிழமை நான் கடைசிப் பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு நேரம் வந்தும் டப்பாவைத் திறக்கவில்லை, வேலை முடியட்டும் என்று விட்டுவிட்டேன். கீழ்மாடிக்கு ஒரு வேலையாக இறங்கியபோது, படிகளைத் துடைக்கும் அக்கா வழியில் நின்றிருந்தார்.

"இன்னாம்மா, சாப்டியா?"

"ஆச்சுக்கா. நீங்க?"

"ஆச்சும்மா, ஆச்சு."

சொல்லிவிட்டு அந்த அக்கா பக்கெட்டை ஓரமாக வைத்து, கையைக் கழுவி, படி ஓரத்திலேயே உட்கார்ந்து தன் டிபன் டப்பாவைத் திறந்தார். நான் நாலு படி இறங்கிவிட்டுத்தான் நின்றேன். அவர் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. இரண்டு பேரும் ஒரு விநாடிகூட யோசிக்காமல் ஆச்சு என்றிருந்தோம்.

யார் கேட்டாலும் நாம் அப்படித்தானே சொல்கிறோம். சாப்பிடவில்லை என்று சொன்னால் கேட்டவர்கள் சோறு போட வேண்டிவரும், அவர்களுக்குச் சங்கடம். அதனால் பட்டினி கிடந்தாலும் ஆச்சுதான். குழந்தையிலிருந்து பழகிய பதில், வாய் தானாகச் சொல்லிவிடும். அந்த வாயிடம்தான் எங்கள் ஸ்கில் ஒவ்வொரு வேளையும் போய்க் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்டுவிட்டு, மாத்திரையைப் போடு என்று சொல்லிக்கொண்டிருந்தது.

முன்பாவது அவர் சாப்பாட்டையும் விட்டார், மாத்திரையையும் விட்டார். இப்போது சாப்பாட்டை மட்டும் விட்டுவிட்டு மாத்திரையைத் தவறாமல் போடுகிறார். அந்தக் கடலை மிட்டாய் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கை நடுங்க ஆரம்பித்தால் வாயில் போட்டுக்கொள்ளத்தான். வண்டி நிறைய ஜனங்களை வைத்துக்கொண்டு.

படியிலேயே நின்று அவருக்குப் போன் போட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருக்கும்வரை போனை எடுக்க மாட்டேன் என்று திருவேற்காட்டு அம்மன் மேல் அவரிடம் நான்தான் சத்தியம் வாங்கியிருந்தேன். மற்ற விஷயத்தில் எப்படியோ, அம்மன் விஷயத்தில் அவர் சொன்ன சொல் தவற மாட்டார். மறுபடி போட்டேன், மறுபடி ஓய்ந்தது. போனைக் கையில் எடுக்காமலே அவரோடு அந்த நேரத்தில் பேசக்கூடியது அந்த ஸ்கில் ஒன்றுதான்.

மேலே ஓடினேன். திரையைப் பார்த்தால், கேள்வி ஏற்கெனவே போய்விட்டிருந்தது. "சாப்டாச்சா?" அதற்குக் கீழே "ஆச்சு ஆச்சு." அதற்குக் கீழே "அப்ப மாத்திரையைப் போட்டுக்குங்க." போட்டாச்சு என்ற வரி மட்டும் இன்னும் வரவில்லை.

கோயம்புத்தூர்க்காரர் தயிர்சாதத்தோடு உட்கார்ந்திருந்தார். கையைக்கூடக் கழுவ விடாமல் இழுத்து வந்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் கொஞ்சம் முறைப்பாகத்தான் பேசினார்.

"அக்கா, அவங்களே சாப்டாச்சுன்னு சொன்னா நாம என்னங்க பண்ண முடியும்? யூசர் பொய் சொல்றாருங்க."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "பொய் இல்ல தம்பி, மரியாதை. காலைல என்னைப் பாத்து சாப்டாச்சாக்கான்னு கேட்டீங்களே, நான் என்ன சொன்னேன்?"

"ஆச்சுன்னு சொன்னீங்க."

"நான் சாப்பிடல."

அவர் என்னையே பார்த்தார். "நீங்க திருப்பிக் கேட்டப்ப நானும் ஆச்சுன்னேனுங்க," என்றார் மெதுவாக. "நானும் சாப்டலீங்க."

வெளியே போக வேண்டியதைத் தொட வேண்டாம், வீட்டு ஆட்களிடம் ஓடிக்கொண்டிருப்பதை மட்டும் இந்த நிமிஷமே மாற்றுங்கள் என்றேன். அவர் இடது கையாலேயே ஸ்கில்லைத் திறந்தார். "என்னன்னு மாத்தட்டுங்க?"

அது எனக்கு உடனே தோன்றவில்லை. உண்மையாகவே சாப்டாச்சா என்று கேட்டாலும் ஆச்சு என்றுதான் வரும். சத்தியமாக என்றாலும் வரும். என் அம்மா போனில் என்னிடம் எப்படிக் கேட்பாள் என்று யோசித்தேன். அவளை நான் ஒருநாளும் ஏமாற்ற முடிந்ததில்லை. ஏனென்றால் சாப்டாச்சா என்று அவள் கேட்பதே இல்லை.

"என்ன சாப்டீங்கன்னு கேக்கச் சொல்லுங்க," என்றேன். "ஏதாவது ஒரு பதார்த்தத்தோட பேர் வந்தாத்தான் மாத்திரை. வரலேன்னா மாத்திரை வேணாம், முதல்ல சாப்பாடு. இப்பவே ஒருதடவ கேக்கச் சொல்லுங்க."

அவர் தட்டினார். கேள்வி போனது. திரையில் அந்த ஒரு வரி தனியாக நின்றது, "என்ன சாப்டீங்க?" வேலப்பன்சாவடி வளைவில் வேன் திரும்புவதும், அதில் ஸ்கூல் பிள்ளைகள் தொங்குவதும் கண்ணுக்குள் வந்துவந்து போனது. அம்மா தாயே, அந்த ஆள் சோம்பேறியாக இருந்தாலும் பரவாயில்லை, மறதிக்காரராக இருந்தாலும் பரவாயில்லை, மாத்திரையை மட்டும் இன்னும் போட்டிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

பதில் வந்தது. "இப்பத்தானபா கேட்ட?"

கோயம்புத்தூர்க்காரர் தயிர்க்கையை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் அடுத்த வரி வந்தது.

"இன்னா துன்னேன்... ஒண்ணும் துன்னலபா. அட்த்து என் டர்ன்தான். எறங்கிப் போனா லைன் பூடும். மாத்திர கைலதான் கீது."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கைலதான் கீது. இந்த உலகத்தில் இதைவிட நல்ல இரண்டு வார்த்தையை நான் படித்ததில்லை.

ஸ்கில் சொன்னது, "மாத்திரையை இப்ப போடாதீங்க, உள்ள வைங்க. முதல்ல சாப்பிடுங்க."

"டர்ன் பூடும்னு சொல்றேன்ல?"

"டர்ன் அப்புறம் வரும். முதல்ல சாப்பிடுங்க."

"நீ இன்னாபா, என் பொண்டாட்டி மாதிரியே பேசுற?"

கோயம்புத்தூர்க்காரர் பக்கென்று சிரித்துவிட்டார். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. அடுத்த வரி வேறு யாருடைய குரலோ, வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தவராக இருக்க வேண்டும். "அண்ணாத்தே, போய் நாலு இட்லி துன்னுட்டு வா. நாங்க இன்னா எறங்கி ஓடியா பூடப்போறோம்?"

நாங்கள் இரண்டு பேரும் இடத்தை விட்டு நகரவில்லை. பிறகு ஸ்கில் தானாக மறுபடி கேட்டது. இந்தத் தடவை பதில் வாயில் சோற்றோடு வந்த மாதிரியே இருந்தது. "லெமன் சாதம். தொட்டுக்க உருள. அப்பளம் நமுத்துப் போச்சு. போதுமா?"

போதும் என்று நான் திரையைப் பார்த்துச் சொன்னேன்.

மற்ற வீட்டு ஆட்களிடமும் புதுக் கேள்வி போனது. ஒருவருடைய அப்பா, "யோசிச்சு சொல்றேன்" என்றார். இன்னொருவருடைய சித்தி, "டீ" என்று மட்டும் சொல்லிவிட்டு வெட்கப்பட்டார். அவர்கள் எல்லோரும் நேற்று வரைக்கும் ஆச்சு ஆச்சு என்று சொன்னவர்கள். எங்கள் டீம் லீடிடம் போய், நாளைக்கு வெளியே விட முடியாது என்றேன். அவர் முகம் சுருங்கியது, மேலே சொல்லி வைத்தாயிற்றே என்றார். அதை வெளியே விட்டு யாருக்காவது ஏதாவது ஆனால் மேலே என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். அவர் "நீங்க சாப்டாச்சா?" என்று பேச்சை மாற்றப் பார்த்து, கேட்ட பிறகு தானே தலையில் கையை வைத்துக்கொண்டார். ஸ்கில் சொன்ன நாளில் போகவில்லை. கேள்வியை மாற்றி, டாக்டரையும் மறுபடி பார்க்க வைத்து, நன்றாகத் தட்டிக் கொட்டிப் பார்த்த பிறகுதான் போனது. இப்போது ஊரில் யார் யாரோ தங்கள் போனிடம் ரசத்தையும் கீரையையும் ஒப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அதை நினைத்தால் மனசு குளிர்ந்துபோகிறது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவர் எனக்கு முன்னாலேயே வந்து லுங்கி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும், "இன்னாத்துக்கு அத்தினி தபா போன் பண்ண? பயந்துட்டேன்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். நடுங்கவில்லை, டீசல் வாடையோடு சூடாக இருந்தது. கடலை மிட்டாய்க்குக் கத்தினேனே, அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "சொன்னா வண்டி ஓட்டாதன்னுவ," என்றார். உண்மைதான், சொல்லியிருப்பேன்.

பாத்திரம் கழுவுவது அவர் வேலை. என் பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டே, "சாப்டியா?" என்றார்.

"ஆச்சு," என்றேன்.

அவர் டப்பாவைக் கையில் தூக்கிப் பார்த்தார். கனத்தது. திறக்கவில்லை. என்னைப் பார்த்து, பகலில் அந்த மிஷின் அவரைக் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்.

"இன்னா துன்ன?"

எனக்கு ஒரு பதார்த்தமும் வாயில் வரவில்லை. அவர் டப்பாவை மேடைமேல் வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைத்து தோசைக்கல்லைப் போட்டார்.